ஷெட்டுக்கு மூணாவது ஒயர்!

வீடு கட்டும்போது நம்மவர்கள் ஒயரிங்குக்குக் கொடுக்கிற மரியாதையே தனி. ஹாலில் எத்தனை ஃபேன், பூஜை அறையில் என்ன கலர் விளக்கு, டி.வி. பக்கத்தில் எத்தனை பிளக் பாயிண்ட் என்று எலெக்ட்ரீஷியனை நிற்கவைத்துக் குடைவார்கள். ஆனால், கொல்லைப்புறத்து ஷெட்? பாவம், அது மூத்தாள் பிள்ளை! கிச்சன் ஜன்னல் வழியாக இரண்டு ஒயரை இழுத்து, நடுவில் முருங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஷெட்டுக்குள் ஒரு ஹோல்டரோடு முடித்துவிடுவார்கள். கேட்டால், 'ஒரே ஒரு பல்புதானே ஸார்!'

ஒரு பல்பு ஒரு பல்போடு நின்றதாகச் சரித்திரமே இல்லை. பல்புக்குத் துணையாக ஒரு பிளக் வரும். பிளக் சும்மா இருக்கலாமா? ஒரு டிரில்லிங் மெஷின். அப்புறம் கிரைண்டிங் மெஷின், வண்டி கழுவ ஒரு பம்ப்... ஆறே மாதத்தில் குட்டித் தொழிற்பேட்டை! ஒயர் மட்டும் அதே இரண்டு ஒயர். அதே முருங்கை மரம்.

கோயமுத்தூரில் என் மச்சினன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் போட்டான். கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாயங்காலத்தில் கேட், கிரில் என்று சின்னச் சின்ன வேலை செய்வதாகத் திட்டம். மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்கு நூறு அடி. வந்த எலெக்ட்ரீஷியன் கையில் 1 எம்.எம். ஒயர் இரண்டு சுருள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

"பச்சை ஒயர் எங்கேங்க?" என்றேன்.

"அது எதுக்குங்க சார்? எர்த் இல்லாமயே எல்லாம் ஓடும். அதான் எம்.சி.பி. இருக்குதுல்ல... ஏதாச்சும்னா டக்குனு விழுந்துரும்."

முதல் பாதி உண்மை. எர்த் இல்லாமலேயே எல்லாம் ஓடும். இரண்டாவது பாதிதான் ஆளைக் கொல்கிற பாதி.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். எம்.சி.பி. என்பது, செலவு பட்ஜெட்டைத் தாண்டினால் மட்டும் கத்துகிற முதலாளி. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 16-க்குள் எவ்வளவு போனாலும், எங்கே போனாலும் கவலையில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உடம்புக்குச் சுமார் 1000 ஓம் ரெஸிஸ்டன்ஸ் என்று வையுங்கள். 230 வோல்ட்டைத் தொட்டால் அவர் வழியாக ஓடுவது 0.23 ஆம்பியர். உயிர் போக இது தாராளம். எம்.சி.பி.க்கோ, எங்கேயோ ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிகிற கணக்கு, அவ்வளவுதான். ஆள் விழுவார், எம்.சி.பி. விழாது!

ஆளைக் காப்பாற்ற வந்தது ஆர்.சி.சி.பி. (கடையில் பலர் இன்னும் 'ஈ.எல்.சி.பி. குடுங்க' என்றுதான் கேட்கிறார்கள்.) இது அசல் ஆடிட்டர். ஃபேஸில் எவ்வளவு போயிற்று, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வந்தது என்று டெபிட், கிரெடிட் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03, டேலி ஆகவில்லையா? கண் இமைக்கிற நேரத்தில் கடையை மூடிவிடும். விளக்கம் கேட்டு மெமோவெல்லாம் கிடையாது. ஆனால், பட்ஜெட் மீறினால் இது கத்தாது. அதனால் முதலாளியும் வேண்டும், ஆடிட்டரும் வேண்டும்.

இந்த ஆடிட்டரையும் ஏமாற்ற ஒரு வழி உண்டு. ரப்பர் செருப்போடு நின்று, ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போனதும் வந்ததும் பைசா சுத்தமாக டேலி ஆகும். கணக்கு நேர், ஆள் காலி.

சரி, பச்சை ஒயர் எதற்கு? மெஷினுக்குள் ஒயர் நைந்து ஃபேஸ் இரும்பைத் தொடுகிறது என்று வையுங்கள். எர்த் இருந்தால் கரண்ட் அந்த வழியே ஓடும், ஆர்.சி.சி.பி. அந்த நிமிஷமே விழும். எர்த் இல்லையென்றால் கரண்ட் பொறுமையாகக் காத்திருக்கும், யாராவது தொடும்வரை. தொட்டவர்தான் எர்த்!

"ஷெட் பக்கத்துலயே குழி தோண்டி, பைப் எறக்கி, உப்பும் கரியும் போட்டுட்டாப் போதாதுங்களா?" என்றார் எலெக்ட்ரீஷியன். அது மட்டும் போதாது. அந்தக் குழியின் ரெஸிஸ்டன்ஸ் 10 ஓம் என்றால் 230-ஐ 10-ஆல் வகுத்துப் பாருங்கள்: 23 ஆம்பியர். நம் 16 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 23-ஐப் பார்த்து அது ஒரு மணி நேரம்கூட யோசிக்கும்! அதுவரை மெஷின் உடம்பில் ஷாக்தான். குழியோடு ஆர்.சி.சி.பி.யும் இருந்தால்தான் பிழைப்பு.

இதைவிட மோசம், ஷெட்டில் நியூட்ரலையே எர்த் பின்னில் முறுக்கிவிடுகிற கைவேலை. முருங்கை மரத்தில் நியூட்ரல் அறுந்தது என்றால், சுவிட்ச் போட்ட மறு விநாடி மெஷின் உடம்பு முழுக்க 230 வோல்ட்.

அடுத்து அந்த 1 எம்.எம். ஒயர். போக நூறு அடி, வர நூறு அடி. செம்பு ஒயரே ஒரு ஓமுக்கு மேல் தின்றுவிடும். ஒரு ஹெச்.பி. மோட்டார் கிளம்பும்போது 30 ஆம்பியர் இழுத்தால், முப்பது வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே அவுட்! மோட்டார் உறுமும், சுற்றாது. நாம் மெஷின் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவோம். 4 எம்.எம். போட்டால் இழப்பு கால் பங்காகிவிடும்.

வழி? பூமிக்கடியில் ஆர்மர்டு கேபிள். இரண்டரை அடி ஆழம், மணல், மேலே செங்கல். தலைக்கு மேலே ஜி.ஐ. கம்பியில் ஒயரைக் கட்டி இழுப்பதுதான் ஊர் வழக்கம். அது ஊரில் எங்கே இருந்தாலும் ஒரு நாள் துணி காயப்போடும் கொடியாகிவிடும். வெயிலில் உறை வெடித்த ஒயர், இரும்புக் கம்பி, ஈரப் புடவை... இப்படிப் போன உயிர்களைப் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நடுவில் ஒரு சட்ட பாயிண்ட். வீட்டு மீட்டரில் காசுக்கு வேலை செய்து மாட்டினால், 2003-ம் வருஷ மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் இரண்டு மடங்கு ரேட் போட்டுத் தீட்டிவிடுவார்கள். மச்சினனைத் தனி சர்வீஸுக்கு எழுதிப்போட வைத்தேன்.

லைசென்ஸ் உள்ள வேறொரு ஒயர்மேன் வந்து மூன்று ஒயர், குழி, ஆர்.சி.சி.பி. எல்லாம் முடித்தார். பதினைந்தே நாளில் போன்.

"மாமா, அந்தப் பொட்டி சும்மா சும்மா விழுகுது. பழைய எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துட்டு, அதைக் கழட்டிட்டு டைரக்ட்டா குடுத்துரலாம்ங்கறாரு."

"கழட்டாதே. மொத்த பிளக்கையும் பிடுங்கு. ஒவ்வொண்ணா மாட்டிப் பாரு."

பத்து நிமிஷத்தில் மறுபடி போன். "கிரைண்டிங் மெஷின் ஒயருங்க மாமா. வைஸுக்கு அடியில நசுங்கி செம்பு தெரியுது. டேபிள் மொத்தமும் இரும்பு..."

"உன் பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் எங்கே ஏறி உட்காருவான்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதே டேபிள்தாங்க மாமா."

"புது ஒயர் மாத்து. மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பொட்டியில இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாரு. விழலேன்னா அன்னிக்கே வேற வாங்கு."

"எவ்வளவுங்க மாமா ஆகும்?" என்றான் மச்சினன்.