யப்பானிய மொழியில் ஒலிக்குறிப்புச் சொற்கள்

ஓசையைச் சொல்லாலே காட்டுதல் மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாகிய இயல்பு. நீர் சலசல என ஓடிற்று, இடி கடகட என முழங்கிற்று என நாமும் வழங்குகின்றோம். இவ்வழக்கு மிக விரிந்து, தனக்கென ஓர் ஒழுங்கும் பெற்று விளங்கும் மொழிகளுள் யப்பானிய மொழி முதன்மையாக எண்ணத்தக்கது. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த யப்பானிய அகராதியொன்று இத்தகைய சொற்கள் 4,500ஐத் தொகுத்துத் தருகின்றது. இவற்றைக் குழந்தைப் பேச்சென்று ஒதுக்கி, இலக்கண விதிகளையும் சித்திர எழுத்துக்களையும் மாத்திரம் கற்பவன் அம்மொழியை முற்றக் கற்றவனாகான். அஃது எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யப்பானிய அறிஞர் இச்சொற்களைப் பெரும்பான்மையும் மூவகைப்படுத்துவர். உயிர்களின் குரலைக் காட்டுவன ‘கிஸெய்கோ’ எனப்படும். நாய் ‘வன்-வன்’ எனக் குரைக்கும். காகம் நம் நாட்டிற்போலவே ‘கா-கா’ எனக் கரையும். உயிரில்லாப் பொருள்களின் ஓசையைக் காட்டுவன ‘கியோங்கோ’. ஓசையே இல்லாத நிலையையும் உணர்வையும் ஓசைபோலக் காட்டுவன ‘கித்தாய்கோ’. விண்மீன் ‘கிரா-கிரா’ என மின்னும். முகம் ‘நிக்கோ-நிக்கோ’ என மலரும். நாம் பளபள, மினுமினு என்பவை இவ்வகையின. பேரமைதியைக் குறிக்கவும் அவர்களிடம் ‘ஷீன்’ என்றொரு சொல் உண்டு.

மழை பற்றிய சொற்களை நோக்கின் இவற்றின் நுட்பம் புலனாகும். துளித்துளியாகப் பெய்யத் தொடங்கும் மழை ‘பொத்ஸு-பொத்ஸு’. சிதறி விழுவது ‘பரா-பரா’. அடங்கிய ஓசையோடு நெடுநேரம் பெய்யும் மென்மழை ‘ஷித்தோ-ஷித்தோ’. ஊற்றிக் கொட்டும் பெருமழை ‘ஜாஅ-ஜாஅ’. இவற்றுள் ஒன்றைச் செவியுற்றவனுக்கு மழையின் தன்மையை வேறு எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

இச்சொற்கள் மனம் போனவாறு அமைந்தன அல்ல. வடமொழி நெடுங்கணக்கிலே ககர வருக்கத்தின் முதலெழுத்துக்கும் மூன்றாமெழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணாக்கர் அறிவர். முன்னதனை ஒத்த ஒலியை யப்பானியர் தெளிந்த ஒலி என்றும், பின்னதனை ஒத்ததைக் கலங்கிய ஒலி என்றும் வழங்குவர். எழுத்தின் வலப்புறத்து மேலே இரு சிறு கோடுகளை இட்ட அளவிலே தெளிந்த ஒலி கலங்கிய ஒலியாகும். அவ்வளவில் பொருளும் மாறும். கதவை மெல்லத் தட்டுவது ‘தொன்-தொன்’; அதனையே கலங்கிய ஒலியாற் கூறின் வன்மையாக இடித்தலாகும். ‘கொரோ-கொரோ’ எனச் சிறு பந்து உருளும். கலங்கிய ஒலியாற் பெரும்பாறை உருளும், இடியும் முழங்கும். ‘ஸரா-ஸரா’ வழுவழுப்பு, ‘ஜரா-ஜரா’ சொரசொரப்பு. விண்மீனுக்குரிய ‘கிரா-கிரா’வும் கலங்கிய ஒலி பெறின், கண்ணைக் கூசவைக்கும் வேனில் வெயிலைக் குறிக்கும். தெளிந்த ஒலி சிறுமையும் மென்மையும், கலங்கிய ஒலி பருமையும் வன்மையும் காட்டும் என்பது பெரும்பான்மைக்கு ஏற்ற விதி.

ஈறும் பொருளை வேறுபடுத்தும். ‘கொரோ-கொரோ’ என இரட்டித்தால் இடைவிடாது உருளுதல். ‘கொரோரி’ எனின் ஒருமுறை புரளுதல். ‘கொரோன்’ எனின் உருண்டு நிலைகொள்ளுதல். ‘கொரொத்தோ’ எனின் சட்டெனப் புரளுதல். இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது எனத் தொல்காப்பியர் தமிழுக்கு விதித்தார். யப்பானிய மொழியிலோ இரட்டித்த சொற்கள் பல இவ்வாறு பிரிந்து, ஈறு ஏற்றுப் பொருள் தருகின்றன.

இனி, வழங்கும் முறையைக் காண்போம். முதலாவது, ‘தொ’ என்னும் இடைச்சொல்லோடு வினையைச் சார்ந்து வருதல். ‘தொ ஒ தொன்-தொன் தொ தத்தாக்கு’ என்பதனைச் சொல்லுக்குச் சொல் கொண்டால், ‘கதவு-ஐ, தொன்-தொன் என, தட்டு’ என்றாகும். நமது ‘என’ நிற்கும் இடத்திலேயே அவர்களுடைய ‘தொ’வும் நிற்கின்றது. சில இடங்களில் அது தொக்கும் வரும். இரண்டாவது, ‘செய்’ என்னும் பொருள்தரும் ‘ஸுரு’வோடு கூடி வினையாதல், நெஞ்சு படபடத்தலை இவ்வாறே கூறுவர். மூன்றாவது, முடிந்த நிலையைக் காட்டுதல். சப்பாத்தை ‘பிக்கா-பிக்கா’ ஆகத் துடைத்தான் என்பது போல. பசித்தவன் தன் வயிறு ‘பெக்கோ-பெக்கோ’ என்பான்.

வழங்கும் இடமும் அறிதல் வேண்டும். உரையாடல், கதை, விளம்பரம் ஆகியவற்றில் இவை நிறைந்துள்ளன. மியஸாவா கெஞ்ஜி (1896–1933) என்னும் எழுத்தாளர் தம் கதைகளிலே புதியனவற்றையும் படைத்துக்கொண்டார். சட்டம், அரசாங்க அறிக்கை, ஆராய்ச்சியுரை ஆகியவற்றில் இவற்றைப் பெரிதும் விலக்குவர்.

ஆயினும், இவை சுவைக்காக மட்டும் அமைந்தன என்று கொள்ளுதல் தவறாகும். நோயாளியின் வாயில் இவையே முதலில் எழுவன. விண்விண்ணெனத் தெறிக்கும் வலி ‘ஜுக்கி-ஜுக்கி’; ஊசியாற் குத்துவது போன்றது ‘சிக்கு-சிக்கு’; வயிற்றை முறுக்கித் துளைப்பது ‘கிரி-கிரி’; தோல் எரிவது ‘ஹிரி-ஹிரி’. வலியின் வகையறிந்தே மருத்துவர் நோயை நாடுவர். 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் வடகீழ் யப்பானை நிலநடுக்கமும் கடற்கோளும் அழித்தபின், பிற மாகாணங்களிலிருந்து சென்ற மருத்துவர்க்கு அப்பகுதி முதியோர் வழங்கும் வட்டாரச் சொற்கள் விளங்குதல் அரிதாயிற்று. இதனை உணர்ந்து யப்பானிய தேசிய மொழி ஆராய்ச்சி நிலையம் 2012இல் அவ்வட்டார ஒலிக்குறிப்புச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. தாய்மொழியினர்க்கே இந்நிலையெனின், 2008 முதல் இந்தோனேசியாவிலிருந்தும், பின்னர் பிலிப்பைன்சு, வியற்நாம் முதலிய நாடுகளிலிருந்தும் நோயாளரையும் முதியோரையும் பேணச் சென்றோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ! தொழில் நாடி அங்குச் செல்வோர் பற்றி 2019இல் இலங்கையும் யப்பானுடன் உடன்பாடு செய்துகொண்டமையால் இது நமக்கும் அயலான செய்தியன்று.

ஆகவே, இம்மொழியைக் கற்கப் புகுவோர் இச்சொற்களைத் தனித்தனியே மனனஞ் செய்யாது, ஒவ்வொன்றையும் அதற்குரிய வினையோடும், தெளிந்த ஒலி கலங்கிய ஒலி என்னும் இணையோடும் சேர்த்துப் பயிலுதல் நன்று. செவியாற் கேட்டுப் பயிலுதல் அதனினும் நன்று. இலக்கணம் அறிந்தவன் யப்பானியரோடு பேசவல்லனாவான். இவற்றையும் அறிந்தவனே அவர் படும் நோவை அறியவல்லனாவான்.