மலர் பார்க்கும் விழாவில் எல்லோருக்கும் ஓரிடம்

யப்பானில் வசந்தம் என்றாலே சகுரா மலர்கள்தான். இலைகள் துளிர்ப்பதற்கு முன்னரே மரம் முழுவதும் வெண்மை கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் பூத்துவிடும். குடும்பத்தவர், நண்பர்கள், அலுவலகத்தவர் என்று எல்லோரும் மரத்தடியில் படங்கு விரித்து, ஒன்றாக உண்டு இம்மலர்களைப் பார்த்து மகிழ்வதை 'ஹனாமி' என்கிறார்கள். 'மலர் பார்த்தல்' என்பதே அதன் பொருளாகும்.

முதியோர் பராமரிப்புப் பயிற்சி ஒன்றுக்காக டோக்கியோவில் தங்கியிருந்தபோது இவ்விழாவில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சமூகவியல் படித்தவள் என்பதாலோ என்னவோ, மலர்களைப் பார்த்த அளவுக்கு மரத்தடியில் இருந்த மனிதர்களையும் பார்த்தேன்.

அரண்மனையிலிருந்து பூங்காவுக்கு

ஹனாமி ஆரம்பத்தில் சாதாரண மக்களின் விழாவாக இருக்கவில்லை. 812 ஆம் ஆண்டில் சாகா பேரரசர் கியோத்தோவில் சகுரா விருந்தொன்றை நடத்தினார். 1598 இல் தொயோதொமி ஹிதெயோஷி, கியோத்தோவின் தைகோ கோவிலில் சுமார் 1,300 பேருடன் மலர் பார்த்தார். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் அவர்கள் உயர்குடிப் பெண்களும் அவர்களது பணிப்பெண்களுமே. 18 ஆம் நூற்றாண்டில்தான் ஆட்சியாளர் தொகுகாவா யோஷிமுனே, இன்றைய டோக்கியோவிலுள்ள அசுகயாமா குன்றில் சகுரா மரங்களை நடுவித்து, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்.

எப்போது செல்வது?

நகரங்களில் அதிகமாகக் காணப்படும் 'சோமெய் யோஷினோ' இன மரங்கள் ஒட்டுக்கட்டிப் பெருக்கப்பட்டவை. ஆகவே ஓரிடத்திலுள்ள மரங்கள் ஏறக்குறைய ஒரே வேளையில் பூக்கின்றன. மாதிரி மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்ததும் பூக்கத் தொடங்கிவிட்டதென வானிலை அவதான நிலையம் அறிவிக்கும். அதிலிருந்து சுமார் ஒரு வாரத்தில் மரம் முழுமையாகப் பூத்துவிடும். அதன் பின்னர் மழையும் காற்றும் வந்தால் சில நாட்களிலேயே இதழ்கள் உதிர்ந்துவிடும்.

டோக்கியோவிலும் கியோத்தோவிலும் பொதுவாக மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கமே உகந்த காலம். ஆயினும் வெப்பம் கூடிவருவதால் இக்காலம் முந்தி வருகிறது. 2021 இல் கியோத்தோவில் மார்ச் 26 ஆம் திகதியே மரங்கள் முழுமையாகப் பூத்தன. 1,200 ஆண்டுக்காலப் பதிவுகளில் அதற்கு முன் அவ்வளவு முந்திப் பூத்ததில்லை.

பூக்காலம் தவறிவிட்டால் கவலை வேண்டாம். வடக்கே ஹிரோசகி கோட்டைப் பூங்காவில் ஏப்ரல் பிற்பகுதியில் மலர்களைக் காணலாம். நாரா மாவட்டத்தின் யோஷினோ மலையில் அடிவாரத்தில் தொடங்கி உச்சி வரை படிப்படியாகப் பூக்கும்.

எங்கே அமர்வது?

புகழ்பெற்ற இடமெல்லாம் அமர்வதற்கு ஏற்ற இடமல்ல. மெகுரோ ஆற்றங்கரை அழகானது. ஆனால் அங்கே நடந்துகொண்டே பார்க்கத்தான் முடியும். உவேனோ பூங்காவில் கலகலப்பு அதிகம், நெரிசலும் அதிகம். அலுவலகங்களின் இளம் ஊழியர்கள் காலையிலேயே வந்து படங்கு விரித்து இடம் பிடித்துக் காத்திருப்பது வழக்கம். சிறுவர்களுடன் செல்வோருக்கு ஷின்ஜுகு கியோயென் பூங்கா பொருத்தமானது. நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால் பரந்த புற்றரையும் உண்டு, மது அருந்தத் தடையும் உண்டு. பிந்திப் பூக்கும் இனங்களும் அங்கே இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது அசுகயாமாதான். ஓஜி புகையிரத நிலையத்தின் அருகிலிருந்து சிறிய தண்டவாள வண்டியொன்று கட்டணமின்றிக் குன்றின்மேல் ஏற்றிச்செல்கிறது. 2009 இல் தொடங்கிய இந்தச் சேவையினால் படியேற முடியாத முதியோரும் மேலே வருகிறார்கள். சக்கர நாற்காலியில் வந்த மூதாட்டி ஒருவரின் மடியில் இதழ்கள் விழுந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைத் தட்டிவிடவில்லை.

ஆகவே இடம் தேடும்போது மரங்களை எண்ணுவதற்கு முன், கூட வருபவர்களை எண்ணிப் பாருங்கள். பாட்டியால் அங்கே நடக்க முடியுமா? மலசலகூடம் அருகில் இருக்கிறதா? மாலைக் குளிருக்குப் போர்வை இருக்கிறதா? இவற்றுக்கு விடை கிடைத்தால், வீட்டுக்குப் பக்கத்து ஆற்றங்கரையில் நிற்கும் நான்கு மரங்களும் போதும்.

யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

ஹனாமிக்கு உணவு முக்கியம். சோற்று உருண்டை, பொரித்த கோழி, மூவண்ணக் கொழுக்கட்டை, உப்பிலிட்ட சகுரா இலையில் சுற்றிய இனிப்பு எனப் பலவும் இடம்பெறும். இவற்றைத் தயாரிக்க அதிகாலையில் எழுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ஒரு குழுவில் பெண்ணொருவர் பரிமாறுவதும் பாத்திரங்களை எடுத்து வைப்பதுமாகவே இருந்தார். நான் பார்த்திருந்த நேரமெல்லாம் அவர் ஒருதரமேனும் தலையை உயர்த்தவில்லை. பக்கத்துப் படங்கிலோ தந்தையும் பிள்ளைகளும் உணவைப் பங்கிட, தாய் கால் நீட்டி மலர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் வாங்கிய சாப்பாட்டுப் பெட்டிகள்தான். அதனால் விழா குறைந்துவிடவில்லை.

அங்கே நான் கண்டு வியந்த இன்னொரு விடயம், கிளையை எவரும் ஒடிப்பதில்லை. தம் குப்பையைப் பெரும்பாலானோர் தாமே கட்டி எடுத்துச் செல்கிறார்கள். இவ்வளவு ஒழுங்கு தெரிந்தவர்களுக்கு, சமையலையும் பரிமாறுதலையும் பகிர்ந்துகொள்வது பெரிய காரியமல்ல.

யப்பானுக்குப் படிக்கவோ பணியாற்றவோ செல்லும் சகோதரிகள் இம்மலர்களைப் பார்க்கத் தவறக்கூடாது. மலர்கள் ஒரு வாரம்தான் நிற்கும். வேலை முடியட்டும் பார்க்கலாம் என்றிருந்தால் அதற்குள் மரம் பச்சையாகிவிடும். செல்லும்போது வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டு செல்லுங்கள்; நீங்களும் அமர்ந்து அண்ணாந்து பாருங்கள்.