வாத்தியமும் பெண் கையில்

யாழ்ப்பாணம் என்றால் தவிலும் நாதஸ்வரமும். இரண்டையும் வாசித்துப் பேரெடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண் பாடுவாள், பக்கவாத்தியம் ஆண் வாசிப்பான். நாம் பார்த்துப் பழகியது அதுதான்.

யப்பானில் 1981ஆம் ஆண்டே இந்த வழக்கம் மாறியது, சகோதரிகளே. ஒஸாகா நகரில் ஓர் அக்கா, தங்கை, அவர்களின் தோழி ஆகிய மூவர் 'ஷோனென் நைஃப்' என்ற றொக் இசைக்குழுவைத் தொடங்கினர். கிட்டாரும் ட்ரம்ஸும் அவர்கள் கையிலேயே. பாடுபொருளோ ஐஸ்கிரீம், சொக்லேட்! 1991இல் அமெரிக்காவின் 'நிர்வாணா' குழுவோடு பிரித்தானியாவில் மேடையேறினர். இன்று நம் பிள்ளைகள் கைபேசியிலேயே இவர்களைக் கேட்கலாம்.

காஷ்மீரிலும் மூன்று முஸ்லிம் மாணவியர் இப்படிப் புறப்பட்டார்கள். 'பிரகாஷ்' என்பது குழுவின் பெயர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். 2012 டிசம்பரில் ஸ்ரீநகர் போட்டியொன்றில் பரிசும் பெற்றனர். பிறகு இணையத்தில் வசையும் மிரட்டலும் குவிந்தன. 2013 பெப்ரவரியில் அங்குள்ள தலைமை முஃப்தி, இது மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்றார். பிள்ளைகள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். இசை கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம்கள் பேசட்டும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளையை முகம் காட்டாமல் மிரட்டுவதற்கு எந்த ஆலிம் அனுமதி தந்தார்?

இந்தோனேசியாவின் காருத் பகுதியில் 2014இல் தோன்றிய 'வொய்ஸ் ஒஃப் பாசெப்ரொட்' குழுவின் மூன்று பெண்களும் ஹிஜாப் அணிந்தவர்கள். எதிர்ப்பு அங்கும் வந்தது, மிரட்டலும் வந்தது. அவர்கள் நிறுத்தவில்லை. 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் வாசித்தார்கள். அவர்களை இந்த இசைப் பக்கம் திருப்பியவர் அவர்கள் படித்த மதரசாவின் ஆசிரியர்.