வண்டி செல்லும் வழி

பிறமாநில நகரங்களில் வாழும் நம்மவர், ஞாயிறுதோறும் குழந்தைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துவர வண்டி அமர்த்துவதாகக் கொள்வோம். எவ்வீட்டிற்கு முதலில் செல்வது, எவ்வீட்டிற்கு இறுதியில் செல்வது? எளிதாகத் தோன்றும் இவ்வினா கணித வல்லுநரையும் மலைக்கச் செய்ததாகும்.

10 வீடுகளைச் சுற்றிவர 36,28,800 வரிசைகள் உள்ளன. வீடுகள் 20 ஆயின், நொடிக்கு 10 லட்சம் வரிசைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பொறிக்கும் ஏறத்தாழ 77,000 ஆண்டுகள் வேண்டும். நுட்பமான கணக்கு முறைகள் இவ்வுழைப்பை வெகுவாகக் குறைப்பது உண்மையே. எனினும், வண்டிகளும் கால வரம்புகளும் பெருகுமிடத்து அவையும் தளர்கின்றன. ஆதலின், தலைசிறந்த விடையை விடுத்து, போதிய நன்மை தரும் விடையை விரைவில் காட்டும் உபாயங்களை அறிஞர் நாடினர்.

பெட்ரோல் நிலையங்களுக்கு லாரிகளை அனுப்பும் முறையை ஆராய்ந்து, டான்ட்சிக், ராம்சர் என்னும் இருவர் 1959-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1964-இல் கிளார்க், ரைட் என்போர் அதனினும் சிறந்த 'சேமிப்பு முறை'யை வகுத்தனர். அதனைச் சிறு கணக்கால் விளக்குவோம்.

பள்ளியிலிருந்து முதல் வீடு 5 கிலோமீட்டர். இரண்டாம் வீடு 6. இரு வீடுகளுக்கும் இடையே 4. தனித்தனியே சென்று திரும்பினால் 10-உம் 12-உம் சேர்ந்து 22 கிலோமீட்டர். ஒரே சுற்றில் இணைத்தால் 5, 4, 6 ஆக 15. சேமிப்பு 7. இவ்வாறே ஒவ்வோர் இணைக்கும் சேமிப்பைக் கணித்து, மிகுதியானதிலிருந்து தொடங்கி வழிகளை இணைத்துக்கொண்டே செல்லவேண்டும். வண்டியில் இடம் போதாமற்போயினும், வகுப்பு மணிக்குள் வந்துசேர இயலாதெனினும், அவ்விணைப்பைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கவேண்டும். வழியும் நேரமும் ஒருங்கே அமைவது இவ்வாறுதான்.

ஆனால், தூரம் குறைந்தால் மட்டும் போதுமா? தனியே வந்தால் 5 கிலோமீட்டரே பயணம் செய்யும் முதல் வீட்டுக் குழந்தை, இச்சுற்றில் 10 கிலோமீட்டர் அமர்ந்திருக்கிறது. நாம் சேமித்த எண்ணெயின் விலையை அக்குழந்தை தன் காலைத் தூக்கத்தால் செலுத்துகிறது! கணக்கு ஏட்டில் இச்செலவு தோன்றுவதில்லை.

இதற்கும் உபாயம் உண்டு. ஒருவழிச் சாலைகள் குறுக்கிடாவிடின், அதே சுற்றை எதிர்த்திசையில் வந்தாலும் தூரம் மாறாது. அப்போது முதல் வீட்டுக் குழந்தைக்கு 5 கிலோமீட்டர், மற்றதற்கு 9. ஆகவே, வாரம் விட்டு வாரம் திசையை மாற்றினால், செலவு கூடாமலே சுமை பகிரப்படும்.

சங்கத்தின் பொதுப்பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுதல் நம் கடமை. அச்சிக்கனத்தின் சுமை என்றும் ஒரே வீட்டின் மீது விழாவண்ணம் காத்தலும் நம் கடமையே. வண்டி அமர்த்தும் அன்பர்கள் அட்டவணை எழுதும்போது, மொத்தத் தூரத்தின் அருகே ஒவ்வொரு குழந்தையின் பயண நேரத்தையும் குறித்துக்கொள்வார்களாக.