காதைத் தொடாத ஒலி

யூர்க் யெக்லின் சுவிட்சர்லாந்து வானொலியில் ஒலிப்பொறியாளராக இருந்தவர். 1970களில் அவர் வடிவமைத்த 'யெக்லின் ஃப்ளோட்' ஹெட்போனை முதன்முதலில் பார்ப்பவருக்குச் சிரிப்புதான் வரும். தலைமேல் கவிழ்த்த பெரிய பிளாஸ்டிக் சட்டம், அதன் இருபுறமும் தட்டையான இரண்டு பலகைகள். அந்தப் பலகைகள் காதைத் தொடுவதே இல்லை. பாரத்தைத் தலையில் பதியும் பஞ்சுத் துண்டுகள் தாங்க, ஒலி எழுப்பும் பாகம் சற்றுத் தள்ளியே நிற்கும்.

விசித்திரமான அந்த வடிவத்துக்குக் காரணம் நம் காதுமடல். மடலின் மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பும் ஒலி, செவித்துளைக்குள் நேராக நுழையும் ஒலியோடு கலந்து சில அதிர்வெண்களைத் தூக்கும், சிலவற்றை அமுக்கும். ஓசை முன்னாலிருந்து வருகிறதா, மேலிருந்து வருகிறதா என்று மூளை கணிப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான். மடலை அழுத்தி மூடும் ஹெட்போன் இந்தக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. பின்புறமும் மூடியிருந்தால் குடத்துக்குள் தலையை விட்டுக் கேட்பதுபோல, கிண்ணத்தில் மோதிய ஒலி மறுபடியும் காதுக்கே வருகிறது.

அதனால்தான் பின்புறம் திறந்த ஹெட்போன்கள் வந்தன. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் வெளியிட்ட எச்டி 414 அந்த வகையைப் பரவலாக்கியது. 2022 மார்ச்சில் அந்நிறுவனத்தின் ஹெட்போன் பிரிவை வாங்கியது சூரிச் ஏரிக்கரையில் ஸ்டேஃபா என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட சோனோவா. ஃபோனாக் என்ற பெயரில் காதுகேட்கும் கருவிகளைச் செய்வதும் இதே நிறுவனம்தான்.

யெக்லின் இன்னும் ஒரு படி மேலே போய், பக்கவாட்டையும் திறந்துவிட்டார். அதற்கு விலையும் கொடுத்தார். ஒலித்தகடு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே இழுக்கிறது. இரண்டும் தடையின்றிச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதலில் அடிபடுவது தாழ்ந்த ஒலி, அதாவது பேஸ். அதை ஈடுகட்ட அகலமான தகடு வேண்டும். ஃப்ளோட்டில் இருப்பது நிலைமின் தகடு: மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம், இருபக்கமும் துளையிட்ட மின்முனைகள், நடுவே உயர் மின்னழுத்தம். சாதாரண ஹெட்போன் துளை இதற்குப் போதாது. ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயரோடு ஒரு மின்மாற்றிப் பெட்டியை இணைத்துத்தான் இயக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் விலையுயர்ந்த திறந்த ஹெட்போனுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். பின்புறம் திறந்ததுதானே, காதைச் சுற்றி எப்படி உட்கார்ந்தால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். தகட்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிப்பது காதைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம். கண்ணாடியின் தடித்த காம்பு அதைச் சற்றே தூக்கினாலும் பேஸ் கசியும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்து, வலந்தலை மட்டும் 'டங் டங்' என்று தனித்துக் கேட்டால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பஞ்சு நாளடைவில் அமுங்கிப்போனாலும் காதுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் குறைந்து ஒலியின் குணம் மாறும். புதுப் பஞ்சு மாற்றுவதைப்போல் குறைந்த செலவில் பலன் தருவது வேறில்லை.

அடுத்தது ஆம்ப்ளிஃபயர். 300 ஓம் மின்மறுப்புள்ள ஹெட்போனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 3.3 மில்லிவாட்தான் சேரும். அதே வோல்ட்டில் 32 ஓம் ஹெட்போன் 31 மில்லிவாட் வாங்கிக்கொள்ளும். கைபேசியில் சில ஹெட்போன்கள் சோம்பிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு, ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. பல ஹெட்போன்களின் மின்மறுப்பு பேஸ் பகுதியில் எகிறும். ஆம்பின் மின்மறுப்பு கூடுதலாக இருந்தால் அந்தப் பகுதி மட்டும் ஊதிப் பெருக்கும். ஹெட்போன் கம்பியைப் பற்றிக் கவலை வேண்டாம்: இரண்டு மீட்டர் செம்புக் கம்பியின் தடை ஓர் ஓம் அளவுக்குக்கூட வராது. 300 ஓமுக்கு முன்னால் அது கணக்கிலேயே இல்லை. இரண்டு ஆம்புகளை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதைத்தான் காது 'நல்லது' என்று சொல்லும்.

ஹெட்போனுக்கு எவ்வளவு செலவழித்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு: பாடகர் எதிரே அமராமல் மண்டைக்குள் அமர்ந்திருப்பது. ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலது காதையும் எட்டும், ஏறக்குறைய கால் மில்லிநொடி தாமதித்து, தலையின் மறைப்பால் உச்ச ஒலி கொஞ்சம் மழுங்கி. ஹெட்போனில் அந்தக் கலப்பு இல்லை. சூரிச்சுக்கு அருகே ஊஸ்டரில் டேனியல் வைஸ் நிறுவிய நிறுவனத்தின் டிஏசி501 கருவி இந்தக் கலப்பைக் கணக்கிட்டுச் சேர்க்கிறது. குறைந்த செலவில் இதையே செய்யும் மென்பொருள்களும் உண்டு.

யெக்லின் வகுத்த பதிவு முறையிலும் இதற்கு ஒரு விடை உண்டு. 16.5 செ.மீ. இடைவெளியில் இரண்டு மைக்குகள், நடுவே ஒலியை உறிஞ்சும் பொருளால் போர்த்திய 30 செ.மீ. வட்டத்தட்டு. தட்டு தலைபோல மறைக்க, இரு காதுக்கும் உரிய தாமதமும் மழுங்கலும் பதிவிலேயே விழுந்துவிடுகின்றன. சபாவின் ஒலிப்பலகையிலிருந்து நேராக எடுத்த கச்சேரிப் பதிவு, எவ்வளவு உயர்ந்த ஹெட்போனிலும் தலைக்குள்தான் ஒலிக்கும். அரங்கின் முன்னே இப்படி மைக் வைத்து எடுத்த பதிவில் பாடகருக்கும் வயலினுக்கும் இடையே இடம் தெரியும். ஹெட்போனை மாற்றும்முன் பதிவை மாற்றிப் பார்க்கலாம்.

கடைசியாக அறை. சுவிஸ் அடுக்குமாடிகள் பலவற்றில் இரவு 10 மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும் என்று விதி இருக்கும். அங்கே வேலை முடிந்து வரும் தமிழருக்கு நாதஸ்வரம் கேட்க வாய்ப்பது அந்த நேரம்தான். ஹெட்போனில் கேட்டால் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லை. ஆனால் திறந்த ஹெட்போனில் பக்கத்துக் கட்டிலில் தூங்குபவருக்குத் தவில் கேட்கும், உங்களுக்கு அவர் குறட்டை கேட்கும். சென்னையில் மின்விசிறி கேட்கும். இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதில்தான் ஆபத்து. வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 86 டெசிபலில் 10 மணி நேரம், 92இல் இரண்டரை. விசிறியை நிறுத்திவிட்டு, அறை அடங்கிய பிறகு ஒலியளவைத் தீர்மானியுங்கள். தம்பூராவின் மெல்லிய ரீங்காரம் குறைந்த ஒலியளவிலேயே தெளிவாகக் கேட்கும், காதும் பத்திரமாக இருக்கும்.