வாரம் ஒரு ஊசி, எழுபத்திரண்டு வாரம்

நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்த பிறகு கீழ்வேளூர்ப் பக்கம் வயல் வேலை குறைந்துவிட்டது. தட்டில் சோறு குறையவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு நால்வர் அதிக எடை கொண்டவர்கள் என்றது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. "வாரம் ஒரு ஊசி போட்டா உடம்பு இளைச்சிடுமாமே?" என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி.

சோதனையில் என்ன நடந்தது?

2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்த மருந்து டிர்செபடைடு. குடல் ஹார்மோன்கள் இரண்டைப்போல வேலை செய்து பசியை அடக்கும். இதைச் சோதித்த சர்மவுன்ட்-1 ஆய்வு 2022இல் வெளியானது. இந்தியா உட்பட 9 நாடுகளில், சர்க்கரை நோய் இல்லாத 2,539 பேர் கலந்துகொண்டார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

72 வாரம் கழித்து, 15 மில்லிகிராம் அளவு பெற்றவர்களுக்குச் சராசரியாக 21 சதவீதம் எடை குறைந்திருந்தது. நூறு கிலோ இருந்தவர் 79க்கு வந்த மாதிரி. வெற்று ஊசிக்காரர்களுக்கு 3 சதவீதம்.

பெரிய வெற்றிதான். ஆனால் எல்லோருக்குமே உணவைக் குறைக்கவும் உடற்பயிற்சி செய்யவும் தொடர்ந்து ஆலோசனை தரப்பட்டது. மருந்தும் 2.5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறைதான் கூட்டப்பட்டது. ஊசியை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்பவருக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. என் கவலையெல்லாம் அதுதான்.

நிறுத்தினால்?

சர்மவுன்ட்-4 ஆய்வில் 36 வாரம் மருந்து பெற்ற பின் வெற்று ஊசிக்கு மாற்றப்பட்டவர்களின் எடை அடுத்த ஓராண்டில் 14 சதவீதம் ஏறியது. இந்தியாவில் அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பியின் விலை 3,500 ரூபாய்; அது ஒரு வாரத்துக்கு மட்டும். எத்தனை மாதம் தாங்கும் என்று முதலிலேயே கணக்குப் பாருங்கள்.

மருந்து எடுக்கும்போது குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் பலருக்கு வரும். விடாத கடும் வயிற்றுவலி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கும் இந்த மருந்து ஆகாது.

ஆய்வில் சேரச் சொன்னால்

புதிய ஊசிகள் இன்னும் சோதிக்கப்படுகின்றன. சேர அழைப்பு வந்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சை யார் பொறுப்பு என்று கேளுங்கள். சம்மதப் படிவம் தமிழில் வேண்டும் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்த பிறகு கையெழுத்துப் போடலாம். பாதியில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு.