தேக்குச் சுவரில் திருகாணித் துளைகள்

லோரான்-சி என்ற வானொலி வழிகாட்டும் முறையை அமெரிக்கா 2010இல் நிறுத்தியது. ஜிபிஎஸ் வந்த பிறகு படகுக்காரர்கள் பலர் அதற்கு முன்பே லோரான் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். பெட்டி போனாலும் அதைத் தாங்கிய திருகாணிகளின் துளைகள் போகவில்லை. 1970களில் கட்டிய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு ஒன்றின் அறைக்குள் போனால் கடிகாரம், விளக்கு, வானொலி என்று கைமாறிய ஒவ்வொரு உரிமையாளரும் விட்டுச்சென்ற துளைகளைத் தேக்குச் சுவரெங்கும் பார்க்கலாம்.

அடைப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அந்த இடத்தில் மறுபடி திருகாணி ஏறப்போகிறதா, இல்லையா?

ஏறப்போகிறது என்றால் துளைக்கு வலிமை வேண்டும். ஈரக்காற்றில் மரம் உப்பிச் சுருங்குகிறது. அலையின் ஆட்டமும் சேர்ந்து திருகாணியின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. பசை தடவிய பற்குச்சிகளைத் திணிப்பது அவசரத்துக்கு உதவும். நிலைத்து நிற்க, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸிப் பசையை நிரப்ப வேண்டும். அது இறுகிய பிறகு நடுவில் புதிதாகத் துளையிட்டால் திருகாணியின் மரை மரத்தைக் கடிக்காமல் எபாக்ஸியைக் கடிக்கும். ஈரம் உள்ளே போகவும் வழியில்லை. மிச்சிகனின் பே சிட்டியில் கூஜன் சகோதரர்கள் இந்தப் பசையைக் கொண்டு, ஆணியோ திருகாணியோ இல்லாமல், 35 அடி நீள ‘அடாஜியோ’ என்ற மூவுடல் படகை 1970இல் நீரில் இறக்கினார்கள். திருகாணியே வேண்டாம் என்று காட்டிய பசைதான் இன்று திருகாணிக்குப் பிடிமானம் தருகிறது.

துளையை மறைத்தால் போதும் என்றால் வேலை இன்னும் நுணுக்கமானது. தேக்குத் தூளை எபாக்ஸியில் குழைத்து அடைப்பவர்கள் உண்டு. காய்ந்ததும் அது சுற்றியுள்ள மரத்தைவிடக் கறுத்து, புள்ளியாகத் துருத்தித் தெரியும். நிற மெழுகு நன்றாக மறைக்கும், ஆனால் அதன்மேல் வார்னிஷ் ஒட்டாது. எல்லாவற்றிலும் சிறந்தது மரத் தக்கைதான்.

அதே வகைத் தேக்கிலிருந்து வெட்டிய தக்கையை, அதன் ரேகை சுவரின் ரேகையோடு ஒரே திசையில் ஓடும்படி பொருத்த வேண்டும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. அதனால் எபாக்ஸியால் ஒட்டுவதானால் முதலில் அசிட்டோனால் துடைக்க வேண்டும். அனுபவசாலிகள் வார்னிஷால் ஒட்டுவார்கள்; பின்னாளில் யாராவது கழற்ற நேர்ந்தால் சுவர் சிதையாது. துருத்தி நிற்கும் பகுதியை உளியால் ஒரே வெட்டில் சீவிவிடக் கூடாது. முதலில் மேலாக ஒரு சீவல் எடுத்தால் ரேகை எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியும். எதிர்ப்பக்கமாக வெட்டினால் தக்கை குழிக்குள் பிளந்துபோகும். உப்புத்தாளையும் கையால் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். பல படகுகளில் ‘தேக்குச் சுவர்’ என்பது ப்ளைவுட்டின் மேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தோல்தான். தேய்ப்பு இயந்திரம் சில நொடிகளில் அதைத் தின்றுவிடும்.

வெள்ளை ஃபைபர்கிளாஸ் உட்சுவருக்கு ஜெல்கோட் பசை இருக்கிறது. பழுப்பேறிய பழைய வெள்ளையோடு நிறம் சேர்ப்பதுதான் அதில் பெரும் பாடு.

துளை கூரையில் இருந்தால் அது எவ்வளவு ஆழம் போகிறது என்று முதலில் பாருங்கள். மேல்தளத்தின் நடுவே பால்சா மரம் வைத்த படகுகளில், அதுவரை எட்டிய துளையின் ஓரம் ஈரமாக இருந்தால் அடைக்காதீர்கள். தண்ணீர் மேலேயிருந்து எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, மரம் நன்றாகக் காய்ந்த பிறகே எபாக்ஸியைத் தொடுங்கள்.